வீட்டிலேயே செய்யும் சருமப் பூச்சுகள்: கலப்பது முதல் கொட்டிவிடுவது வரை ஒரு பாதுகாப்பு வழிகாட்டி

வீட்டில் செய்யும் ஃபேஸ் பேக், டோனர், க்ரீம் என்று பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சிக்குக் கடையில் வாங்குவதெல்லாம் கெமிக்கல், செடியிலிருந்து வருவதெல்லாம் நல்லது. இன்னொரு கட்சிக்கு வீட்டில் கலப்பதெல்லாம் வேண்டாத வேலை. இரண்டு பேரும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைப் பிடித்துக்கொண்டே சண்டை போடுகிறார்கள். சருமத்துக்கு அந்தக் கவலை கிடையாது. என்ன பட்டது, எவ்வளவு பட்டது, எவ்வளவு நேரம் இருந்தது, பட்ட இடம் நன்றாக இருந்ததா, ஏற்கெனவே வெடித்துக் கிடந்ததா என்று அது அதன் கணக்கில் பதில் சொல்லும்.

எதை நிம்மதியாகச் செய்யலாம், எதை அளந்து பார்த்துச் செய்ய வேண்டும், எந்தப் பக்கம் போகவே கூடாது என்று பிரித்துக்கொள்ளத்தான் இந்த வழிகாட்டி. வீட்டுத் தயாரிப்புகளில் வரும் தொல்லைகளில் பாதி, ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருகிறது: இந்தக் கலவையில் தண்ணீர் இருக்கிறதா? அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: செய்ய நினைப்பது எந்த ரகம்?

குறிப்பைப் பார்த்தவுடன் பொருள்களைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அது எந்த ரகம் என்று பாருங்கள்.

கலந்த உடனே பூசி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கழுவிவிடும் பேக் ஒரு ரகம். இதில் ஆபத்து குறைவு. கிருமி வளர நேரமில்லை, சருமத்தில் தங்குவதும் கொஞ்ச நேரம்தான். எரிச்சலும் ஒவ்வாமையும் மட்டும்தான் கவலை.

இரண்டாவது, தண்ணீரே இல்லாத எண்ணெய், மெழுகு, வெண்ணெய் வகைகள்: லிப் பாம், உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெய், வெடிப்புக் களிம்பு. தண்ணீர் இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருகாது. எண்ணெய் காறிப்போவது ஒன்றுதான் பெரிய பிரச்சினை.

மூன்றாவது ரகம்தான் தலைவலி. தண்ணீர், கற்றாழை ஜெல், பன்னீர், மூலிகைக் கஷாயம், பால், பழச்சாறு என்று ஏதோ ஓர் ஈரம் சேர்ந்து, அதைப் பாட்டிலில் அடைத்து நாள்கணக்கில் வைத்துப் பயன்படுத்துவது. டோனர், லோஷன், ஜெல், க்ரீம் எல்லாம் இதில் வரும். இதைப் பற்றிப் படி 6-இல் விரிவாகப் பேசுவோம்.

இந்த மூன்றிலும் அடங்காத சிலவற்றை வீட்டில் செய்யவே வேண்டாம். சன்ஸ்கிரீன் அதில் முதலிடம். துத்தநாக ஆக்ஸைடு பொடியைத் தேங்காய் எண்ணெயில் கலக்கினால் வெள்ளையாக, பார்ப்பதற்கு அசலைப் போலவே வரும். ஆனால் பொடி ஓரிடத்தில் கட்டியாகவும் இன்னோர் இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் நிற்கும். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எஸ்.பி.எஃப் எண் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் சருமத்தில் 2 மில்லிகிராம் பூசி, ஆட்கள் மீது சோதித்துப் பார்த்து வருவது. உங்கள் டப்பாவில் இருப்பது 4-ஆ 20-ஆ என்று சொல்ல வழியே இல்லை. இதில் மோசம் என்னவென்றால், பூசியிருக்கிறோம் என்ற தைரியத்தில் நாம் வெயிலில் கூடுதல் நேரம் நிற்போம். கண்ணுக்குள் விடுவது, திறந்த புண்ணில் வைப்பது, மரு மச்சத்தை எடுப்பது, முகத்தை உரிக்க வைக்கும் ஆசிட் பீல் ஆகியவையும் இதே பட்டியல். மச்சம் உதிரும் என்று சொல்லப்படும் கறுப்புக் களிம்பு வகைகள் நல்ல தசையையும் சேர்த்து அரித்துவிடும். போதாதென்று, மச்சத்தின் அடியில் புற்றுநோய் இருந்தால் மேலே காய்ந்து ஆறியதுபோல் காட்டிவிட்டு உள்ளே வளரவிடும்.

படி 2: குறிப்பிலிருந்து அடித்துவிட வேண்டியவை

எலுமிச்சையில் இருந்து தொடங்குவோம். இதைப்போல் எல்லாக் குறிப்புகளிலும் தலைகாட்டும் பொருள் வேறொன்று இல்லை.

நம் சருமத்தின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. பி.எச் அளவு பொதுவாக 4.5 முதல் 5.5 வரை. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். பி.எச் கணக்கில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதால், சருமத்தைவிட இதில் அமிலத்தன்மை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகம். இது பாதிக் கதைதான். எலுமிச்சை வகைகளின் தோலிலும் சாற்றிலும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை சருமத்தில் இருக்கும்போது வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால், செல்களை நேரடியாகச் சேதப்படுத்தும். இது ஒவ்வாமை இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் வரும்.

பூசும்போது ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் சூழ்ச்சி. அன்றைக்குச் சருமம் நன்றாகவே இருக்கும். ஒரு நாள் கழித்துச் சிவக்க ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்க் கொப்புளம்கூட வரும். சாறு வழிந்த பாதையில் கோடாகவும், சாறு பட்ட கையால் தொட்ட இடத்தில் விரல் தடமாகவும் அப்படியே பதியும். ஆறிய பிறகு அதே வடிவத்தில் பழுப்புத் தழும்பு நிற்கும், மறைய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். கருமை போக வேண்டும் என்று பூசியவருக்குக் கிடைப்பது புதுக் கருமை. கழுவிவிட்டேனே என்றால், எண்ணெய்ப் பசையுள்ள அந்தப் பொருள் வெறும் தண்ணீருக்கு முழுவதும் போகாது. எலுமிச்சை சாப்பிடுவதற்கு நல்ல பொருள். அதோடு விட்டுவிடுவோம்.

சமையல் சோடா மறுகோடி. தண்ணீரில் கரைத்தால் பி.எச் 8-ஐத் தாண்டும். அடிக்கடி தேய்த்தால் சருமத்தின் காப்புப் படலம் தளர்ந்து, வறண்டு, எரிய ஆரம்பிக்கும். எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்து நுரைத்தால் அழுக்கு வெளியேறுகிறது என்று சில வீடியோக்களில் காட்டுவார்கள். வெளியேறுவது கார்பன் டை ஆக்ஸைடு மட்டுமே.

நீர்க்காத ஆப்பிள் சைடர் வினிகரை மச்சத்தில் பஞ்சில் நனைத்துக் கட்டி வைத்துச் சருமம் வெந்துபோனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டியதால் வந்த தீக்காயங்கள் பற்றியும் அப்படியே. பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் இரண்டும் முகத்துக்கு ஆகாது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்கலாம். வாயருகே பூசும் பேக்கில் அந்தச் சூதாட்டம் எதற்கு? உடைத்த ஓடு, கல் உப்பு, பெரிய சர்க்கரை வைத்து முகத்தைத் தேய்ப்பதையும் விட்டுவிடலாம். கைகாலுக்குச் சரி.

படி 3: யாருடைய சருமம்?

ஒரே கலவை ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தடித்துப் போகும். எக்ஸிமா, கரப்பான், வெடித்த தோல், புதிதாகச் சவரம் செய்த முகம், வேக்ஸிங் செய்த கை, இவற்றில் எல்லாம் காப்புச் சுவர் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. அந்த வழியாக உள்ளே போகும் பொருளை உடம்பு எதிரியாகப் பதிந்துகொள்ளலாம்.

இதற்கு ஜப்பானில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பு அங்கே நன்றாக விற்றது. அதைத் தினமும் தேய்த்தவர்களில் 2,000 பேருக்கும் மேல் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளானார்கள். அதுவரை பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், கோதுமை சாப்பிட்டால் முகம் வீங்கி, சிலருக்கு மூச்சுத் திணறலே வந்தது. 2011-இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். பிரிட்டனில் குழந்தைகளை வைத்து நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வும் இதே திசையில்தான் கை காட்டியது. தடித்துச் சிவந்த தோலில் நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் காணப்பட்டது.

ஆகவே, சாப்பிடக்கூடியது என்றால் பூசவும் செய்யலாம் என்ற வாதம் உடைந்த சருமத்தில் நிற்காது. எக்ஸிமா உள்ளவர்கள், குறிப்பாகச் சிறு குழந்தைகள், பால், கொட்டை, கோதுமை, ஓட்ஸ், முட்டை போன்ற உணவுப் பொருள்களைத் தோலில் பூசாமல் இருப்பதே நல்லது.

கைக்குழந்தைகளுக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். கற்பூரம், யூகலிப்டஸ், புதினா எண்ணெய்களை அவர்கள் முகத்தருகே கொண்டுபோகவே கூடாது. கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரை போகும். ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தை தேனை விழுங்கக்கூடாது என்பதால், கன்னத்தில் தேன் பூசுவதும் சரிப்படாது. கர்ப்பிணிகளும், முகத்துக்கு ரெட்டினாய்டு போன்ற மருந்து பூசுகிறவர்களும் புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சாமந்தி, கெமோமில், ஆர்னிகா எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ‘மென்மையான மூலிகை’ என்று எழுதியிருப்பதால் இது மாறாது.

படி 4: பொருளைத் தயார் செய்வது

கற்றாழை நல்ல பொருள்தான். பறிக்கிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். மடலை அடியில் வெட்டியவுடன் வெட்டு வாயில் மஞ்சளாக ஒரு பால் கசியும். தோலுக்கும் ஜெல்லுக்கும் இடையே ஓடும் அந்தப் பாலில் அலோயின் இருக்கிறது, பலருக்கு அரிப்பைக் கொடுப்பது அதுதான். மடலை ஒரு டம்ளரில் வெட்டுப் பக்கம் கீழே இருக்குமாறு பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். அடியில் மஞ்சளாகத் தேங்கி, பிறகு கருத்துப்போகும். மடலைக் கழுவி, இரண்டு ஓர முட்களையும் சீவிவிட்டு, பச்சைத் தோலைக் கொஞ்சம் ஆழமாகவே எடுத்துவிடுங்கள். சிக்கனம் பார்த்துத் தோலை ஒட்டி வழித்தால் மஞ்சளும் கூடவே வரும். நடுவில் கண்ணாடி மாதிரி நிற்கும் ஜெல்லை மட்டும் எடுத்து, வழவழப்பு குறைய இன்னொரு முறை அலசிக்கொள்ளுங்கள். இந்த ஜெல் அன்றைக்கே தீர வேண்டும்.

மஞ்சளில் உள்ள குர்குமினே சிலருக்கு ஒவ்வாமை தரும். பொடியாக வாங்கினால் கலப்படமும் ஒரு கவலை. நிறத்தைத் தூக்கிக் காட்ட லெட் குரோமேட் என்ற ஈய நிறமியைச் சேர்ப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கிழங்காக வாங்கி அரைத்தால் அந்தச் சந்தேகம் பெரிதும் குறையும்.

எண்ணெய்களில் ஒரு ஆச்சரியம் உண்டு. ஆலிவ் எண்ணெய் சருமத்துக்கு உயர்ந்தது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து ஆலிவ் எண்ணெய் பூசிய கையில் காப்புப் படலம் பலவீனமாகியிருந்தது. அதில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம்தான் காரணம் என்று கருதப்படுகிறது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய கையில் அப்படி ஆகவில்லை. வறண்ட, அரிக்கும் தோலுக்கு நான் சூரியகாந்தியைத்தான் சொல்வேன். தேங்காய் எண்ணெய் உடம்புக்கு நன்றாக உதவும், பரு வரும் முகத்தில் துளைகளை அடைக்கும்.

படி 5: அளந்து சேர்ப்பது

‘ஒரு சிட்டிகை’, ‘நாலைந்து சொட்டு’ என்ற அளவெல்லாம் எசென்ஷியல் ஆயில் விஷயத்தில் எடுபடாது. ஏராளமான இலையையோ பூவையோ வடித்துச் சுருக்கிய சாரம் அது. நேராகச் சருமத்தில் விடக்கூடாது, டீ ட்ரீ, லாவெண்டர் உட்பட.

கணக்கு எளிது. டிராப்பரில் ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. 30 மில்லி எண்ணெயில் 1 சதவீதம் வேண்டுமென்றால் 0.3 மில்லி, அதாவது 6 சொட்டு. உடம்புக்கு அது போதும். முகத்துக்கு அரை சதவீதம், அதே 30 மில்லிக்கு 3 சொட்டு. சொட்டின் அளவு டிராப்பருக்கு டிராப்பர் மாறும், ஆகவே சந்தேகம் வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். வாசனை போதவில்லையே என்று கை நீளும். நீளவிடாதீர்கள். எசென்ஷியல் ஆயிலே இல்லாமல் செய்தால் பலனில் ஒன்றும் குறையாது என்பது என் கட்சி.

பழைய பாட்டில் புதிதைவிட ஆபத்து. இந்த எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் போன்றவை காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் வலுவான ஒவ்வாமைப் பொருள்களாக மாறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அளவு மீறினால் லேபிளில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கும் வாசனை ஒவ்வாமைப் பொருள்களில் இவை இரண்டும் உண்டு, ஜெரானியால், சிட்ரால், யூஜெனால் போன்றவையும் உண்டு. எல்லாமே செடிகளில் இயற்கையாக இருப்பவை. பாதி காலியாகி ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கும் பாட்டிலைச் சருமத்துக்கு எடுக்காதீர்கள். பெர்கமாட் எண்ணெய் சேர்த்தால் எலுமிச்சைக் கதைதான் இன்னும் பலமாகத் திரும்பும். ஃபியூரனோகூமரின் நீக்கப்பட்டது என்று குறிப்பிட்டிருந்தால் தவிர வேண்டாம்.

படி 6: தண்ணீரும் கிருமியும்

கலவையில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றால் அதில் கிருமி வளரும். கை சுத்தம், பாட்டில் சுத்தம், காய்ச்சி ஆறிய நீர் எல்லாம் தொடக்கக் கிருமி எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். திறந்து ஒருமுறை விரல் விட்டால் முடிந்தது. சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், கேண்டிடா எல்லாம் இந்தச் சாப்பாட்டுக்காகக் காத்திருப்பவை. மூலிகைச் சாறும் தேனும் ஜெல்லும் நமக்குச் சத்து என்றால் அவற்றுக்கும் சத்துதான்.

பார்த்தால் தெரியும், முகர்ந்தால் தெரியும் என்று நம்ப வேண்டாம். கடையில் விற்கும் அழகுப் பொருள்களுக்கான சர்வதேசத் தர அளவு, கிராமுக்கு 1,000 கிருமிகள் என்பது மேல் வரம்பு. கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 100. பூசணம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கலவை அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். சூடோமோனாஸ் கண்ணுக்குள் போனால், முக்கியமாகக் காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு, கருவிழியைச் சில நாள்களிலேயே கெடுத்துவிடும்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைக் களைய வேண்டும். வைட்டமின் ஈ என்பது ப்ரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள்) இல்லை. அது எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. எசென்ஷியல் ஆயில் கிருமியைக் கொல்லும் என்பதும் இங்கே உதவாது. கொல்லும் அளவுக்கு ஊற்றினால் சருமம் தாங்காது. எலுமிச்சை, ஆரஞ்சு வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு இயற்கையான ப்ரிசர்வேட்டிவ் என்று விற்கப்படுகிறது. ஆய்வகங்களில் பரிசோதித்தபோது, கிருமியைக் கொன்ற பல மாதிரிகளில் பென்ஸெத்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பொருள்கள்தான் கிடைத்தன. தேன் கெடாதே என்பீர்கள். அதில் கட்டற்ற நீர் குறைவு என்பதால் கெடாது. தண்ணீர் கலந்த நிமிடம் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அப்படியானால் இரண்டே வழிகள்தான். ஒன்று, ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மீதியைக் கொட்டிவிடுவது. பலருக்கும் நான் சொல்வது இதைத்தான். மனசு வராவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். குளிர் கிருமியைக் கொல்லாது, வளர்ச்சியை மெதுவாக்கும். ஐஸ் கட்டியாக உறைய வைத்தாலும் கிருமி தூங்கத்தான் செய்யும்.

இரண்டாவது வழி, முறையான ப்ரிசர்வேட்டிவ் சேர்ப்பது. அழகுப் பொருள் தயாரிப்புக்கு என்றே விற்கப்படும், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று தாள் தரப்படும் ஒன்றை வாங்குங்கள். ஃபினாக்ஸி எத்தனாலுக்கு ஐரோப்பாவில் மேல் வரம்பு 1 சதவீதம். பூஞ்சைக்கு எதிராக அது தனியாக அவ்வளவு பலமில்லை என்பதால் கூட்டுக் கலவையாகவே பெரும்பாலும் விற்கிறார்கள். சோடியம் பென்ஸோயேட் பி.எச் 5-க்குக் கீழே இருந்தால்தான் வேலை செய்யும், ஆகவே பி.எச் தாளும் வேண்டும். 100 கிராம் லோஷனுக்கு 1 சதவீதம் என்றால் 1 கிராம். இதைத் தேக்கரண்டியால் அளக்க முடியாது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்தப் பக்கம் இறங்காதீர்கள். குறைந்தால் கிருமி வளரும், கூடினால் எரியும். பெரும்பாலானவற்றைக் கலவை வெதுவெதுப்பாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

ப்ரிசர்வேட்டிவ் போட்டாலும் அது உங்கள் கலவையில் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். கிருமிகளை வேண்டுமென்றே உள்ளே விட்டு 28 நாள் கண்காணிக்கும் சோதனை அது. களிமண்ணும் அதிக மூலிகைச் சாறும் சேர்ந்தால் நல்ல ப்ரிசர்வேட்டிவும் தோற்கும். வீட்டில் செய்பவர் கலவையை எவ்வளவு எளிமையாக வைக்கிறாரோ அவ்வளவு நல்லது.

படி 7: செய்யும் நேரத்துச் சுத்தம்

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகத்தை வெட்டுங்கள். கண்ணாடி, ஸ்டீல் பாத்திரங்களைக் கழுவிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். பிளாஸ்டிக் பம்ப், மூடி, தராசுத் தட்டு இவற்றுக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளித்து ஆறவிட்டால் போதும். 95 சதவீதம் இன்னும் நல்லது என்று தோன்றும், ஆனால் கிருமியின் சுவரைக் குலைக்க ஆல்கஹாலுடன் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு ஆல்கஹால் தெளிக்காதீர்கள்.

காஸ்டிக் சோடா வைத்துச் சோப்பு செய்ய நினைப்பவர்கள் அதை முறையாகக் கற்றுக்கொண்டு வாருங்கள். கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும், சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றவே கூடாது, அலுமினியப் பாத்திரம் ஆகாது. எண்ணெய்க்கு எண்ணெய் சோடாவின் அளவு மாறும் என்பதால் கண் அளவுக்கு அங்கே இடமே இல்லை.

படி 8: பேட்ச் டெஸ்ட், சரியான முறையில்

காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முகம் முழுவதும் பூசிவிடுவதைப் பேட்ச் டெஸ்ட் என்று சொல்ல முடியாது. அது எரிச்சலை மட்டும்தான் காட்டும். தொடு ஒவ்வாமை தாமதமாக வரும், பட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பலருக்குத் தெரியும். அதோடு, முதல் தடவை உடம்பு அறிமுகம் மட்டும் செய்துகொண்டு, பிறகொரு தடவையில் சண்டைக்கு வரும்.

முழங்கையின் உள்பக்கத்துக்குக் கொஞ்சம் கீழே, ஐந்து சென்டிமீட்டர் சதுரம் அளவுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பூசி விட்டுவிடும் எண்ணெய், க்ரீம் என்றால் காலையும் இரவும் அதே இடத்தில் ஒரு வாரம் பூசுங்கள். முடிந்தால் பத்து நாள், இரண்டு வாரம். பேக் என்றால் முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவி, தினமும் அப்படியே செய்யுங்கள். சிவப்பு, அரிப்பு, சின்னச் சின்னப் பொரிகள் எது வந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் அப்புறம் தாடை ஓரத்தில் இரண்டு நாள், பிறகு முகம். கை தாங்கியதை எல்லாம் கண்ணிமை தாங்கும் என்று எண்ணாதீர்கள்.

சோதிக்கும்போது கலவையில் ஐந்தாறு பொருள்கள் இருந்தால், எது வேலையைக் காட்டியது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். புதுப் பொருள் ஒரு நேரத்தில் ஒன்றுதான். முன்பு எதற்காவது முகம் வீங்கியோ மூச்சு அடைத்தோ இருந்தவர்கள் அந்தப் பொருளை வீட்டில் சோதிக்கவே வேண்டாம்.

படி 9: லேபிளும் காலாவதியும்

செய்த தேதி, சேர்த்த பொருள், ஒவ்வொன்றின் அளவு, எறிய வேண்டிய தேதி. இந்த நான்கையும் எழுதி ஒட்டாத டப்பாவை நான் திறக்க மாட்டேன். நினைவில் இருக்கும் என்று தோன்றும், இருக்காது.

எண்ணெய்க் கலவைகளை அடர் நிறக் கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். ரோஸ்ஹிப், ஆளிவிதை போன்ற எண்ணெய்கள் சீக்கிரம் காறும், சில மாதக் கணக்கிலேயே தீர்த்துவிடுங்கள். ஜோஜோபா வேதியியல்படி திரவ மெழுகு என்பதால் நீண்ட நாள் தாங்கும். களிம்புக்குள் ஈரவிரல் விடக்கூடாது, சுத்தமான சின்னக் கரண்டியால் எடுங்கள். குளியலறை அலமாரியில் வைத்தால் தண்ணீர் இல்லாத களிம்பிலும் நீர்த்துளி விழுந்து பூசணம் பிடிக்கும். நிறம் மாறினாலும், பிரிந்தாலும், காறல் வாடை வந்தாலும், மூடியின் உள்பக்கம் புள்ளி தெரிந்தாலும் முழுவதையும் கொட்டுங்கள். மேலே வழித்துவிட்டு அடியைப் பயன்படுத்தும் சிக்கனம் இங்கே செல்லாது.

படி 10: பிறருக்குக் கொடுப்பதும், பிறரிடம் வாங்குவதும்

நாம் செய்ததை நாமே பூசுவது ஒன்று, பரிசாகக் கொடுப்பது வேறு. பெறுபவரின் ஒவ்வாமை நமக்குத் தெரியாது, அவர் எத்தனை மாதம் வைத்திருப்பார் என்பதும் தெரியாது. தண்ணீர் சேராத பொருளை மட்டும், பொருள் பட்டியலோடு கொடுங்கள்.

வாங்கும்போது இன்னும் உஷார் வேண்டும். ‘ஹெர்பல்’, ‘ஹோம்மேட்’ என்ற பெயரில் லேபிள் இல்லாமல் வரும் வெளுப்பு க்ரீம்களில் பாதரசமும், க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. பாதரசம் தோல் வழியாக ஏறிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். அதைப் பூசியவரை அணைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் போகும். 2013-இல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. லேபிளில் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்ற பெயர்கள் இருந்தாலும், ‘தங்க வெள்ளி நகையில் படாமல் பூசவும்’ என்று எச்சரிக்கை இருந்தாலும் தொடாதீர்கள். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று மாறி, நிறுத்தினால் சிவந்து எரிந்து பரு கிளம்பினால் அது ஸ்டீராய்டு க்ரீமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

படி 11: தப்பாகிவிட்டால்

எரிந்தால் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள், எரிச்சல் பலன் கொடுக்கும் அறிகுறி இல்லை. உடனே கழுவுங்கள். வெந்தது போல இருந்தால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். அமிலம் பட்டதற்குச் சோடா, சோடா பட்டதற்கு வினிகர் என்று மாற்று வைத்தியம் செய்தால் புண் பெரிதாகும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து வைத்துப் பதினைந்து நிமிடமாவது நீரால் அலசி, பார்வை மங்கினாலோ வலி போகாவிட்டாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கி மூச்சு விடச் சிரமமாக இருந்தால், அல்லது உடம்பெல்லாம் தடித்துத் தலைசுற்றினால், வீட்டில் காத்திருக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நேரம் அது.

சாதாரணச் சிவப்பும் அரிப்பும் என்றால் பூசும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீர், வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி இவற்றோடு சில நாள் விட்டுவிடுங்கள். அரிப்புக்கு இன்னொரு வீட்டு வைத்தியத்தை மேலே பூசிக் குழப்பாதீர்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், கொப்புளம் வந்தாலோ, ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். கோபத்தில் அந்த டப்பாவை எறிந்துவிடாமல், லேபிளோடு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். சேர்த்த மூலப் பொருள் பாட்டில்களும் இருந்தால் இன்னும் நல்லது. முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையில் எவற்றைச் சேர்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ய அவை உதவும்.